பாய் வைத்த வெல்டும் நான் வைத்த கல்லும்

தம்பிகளே, அம்மணிகளே,

போன வாரம் உங்கள் பட்டறைக்கு வந்திருந்தேன் அல்லவா? ஏ.சி. போட்ட பட்டறை. என் காலத்தில் வெல்டிங் நடக்கும்போது ஃபேனைப் போட்டாலே, காற்று பட்டால் வெல்டு கெடும் என்று வெல்டர் சண்டைக்கு வருவார். நீங்கள் எனக்கு நாற்காலி போட்டீர்கள், டீ கொடுத்தீர்கள், "சார், சார்" என்று தாங்கினீர்கள். பிறகு மேசை மேல் இருந்த ஒரு பிராக்கெட்டைக் காட்டினீர்கள். ஏதோ ஒரு ஸ்போர்ட்ஸ் காரில் பெரிய இன்ஜின் மாற்றுகிறீர்களாம். அந்த இன்ஜினைப் பிடித்து உட்கார வைக்கிற இரும்புக் கை அது. வெல்டிங் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியாத அளவுக்கு வழவழவென்று இழைத்து மினுக்கியிருந்தீர்கள். குனிந்து பார்த்தேன். என் மூக்குமுடி தெரிந்தது.

"எப்படிங்க சார் இருக்குது?" என்று கேட்டீர்கள்.

"நல்லா இருக்குங்க" என்றேன்.

அது பொய். நம் ஊர் நாக்குக்கு ஒரு வியாதி உண்டு. எதிரில் நிற்பவரின் முகம் வாடும்படி எதையும் சொல்லாது. அங்கேயே சொல்லியிருக்க வேண்டியதை வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கையிலிருக்கிற போனைக் கீழே வைத்துவிட்டுப் படித்தால் இன்னும் நல்லது.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குப் பீளமேட்டில் ஒரு சின்னப் பட்டறை. பந்தயக் கார் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லோரும் என்னிடம் வருவார்கள். அவர்களில் பெரிய பைத்தியம் அன்னூர் நடராஜண்ணன். தோட்டம், பருத்தி மில் எல்லாம் இருந்தும் மனிதரின் உயிர் மட்டும் ஒரு மஞ்சள் நிற இரண்டு கதவுக் காரில் இருந்தது. யாரிடமிருந்தோ வாங்கிய பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். அதன் இன்ஜின் செத்துப்போனதும், ஜப்பானிலிருந்து கப்பலில் வந்த, அதைவிடப் பெரிய இன்ஜின் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார்.

"இத இதுக்குள்ள உக்கார வெக்கோணுமுங்க. மலைப்பாதைப் பந்தயத்துக்கு இன்னும் ஒன்றரை மாசந்தான் இருக்குது" என்றார்.

எட்டு வயதுப் பையனின் சட்டையை அப்பனுக்குப் போட்டுவிடச் சொன்ன கதைதான். ரேடியேட்டரைத் தள்ளினோம், பேட்டரியைப் பின்னால் கொண்டுபோனோம், காற்று போகிற பெட்டியைத் தகரத்தில் புதிதாக அடித்தோம். அதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த வேலை, விடுங்கள். முக்கியமானவை இன்ஜினைத் தாங்கும் பிராக்கெட்டுகள் இரண்டு. வலதில் ஒன்று, இடதில் ஒன்று. தகடு வெட்டி, வளைத்து, குழாய் பொருத்தி நான் கொடுத்தேன். வெல்டிங் வைத்தவர் ஜமால் பாய்.

பாய்க்கும் எனக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. கோட்டைமேட்டுக்காரர். பல வருஷம் இன்னொருவர் ஷெட்டில் வேலை பார்த்தவர், அந்த வருஷம்தான் போத்தனூரில் சொந்தமாக ஒரு ஷெட் போட்டிருந்தார். அதுவரை அவர் வைத்த வெல்டுக்கெல்லாம் முதலாளி பெயர்தான். அவர் பெயரிலேயே ஊருக்குத் தெரிய வெளியே போகிற முதல் வேலை நடராஜண்ணன் கார். பலகையில் பெயர் எழுதிய பெயின்ட் கூட இன்னும் சரியாகக் காயவில்லை. இந்த வேலை நிலைத்து நின்றால்தான் அவரும் நிலைப்பார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு பிராக்கெட்டையும் கொண்டுவந்து என் மேசை மேல் வைத்தார். வெல்டிங் மேடு தடிமனாக, வரி வரியாக இருந்தது.

"ஏனுங்ணா, ஒண்ணே ஒண்ணு. இந்த மேட்டுல கல்லு வெக்காதீங்க" என்றார். கிரைண்டரைத்தான் நாங்கள் கல்லு என்போம். "பாக்கறதுக்கு முண்டும் முடிச்சுமாத்தான் இருக்கும். ஆனா பாரமெல்லாம் அதுதானுங்க தாங்குது."

"சேரிங்க பாய்" என்றேன்.

அவர் மொபெட் முக்குத் திரும்பியதும் கிரைண்டரை எடுத்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். நடராஜண்ணன் காரை ஓட்டுவதைவிட பானட்டைத் திறந்து காட்டுவதுதான் அதிகம். டீக்கடை முன்னால் நிறுத்தி, கல்யாண வீட்டு வாசலில் நிறுத்தி, பெட்ரோல் போடும் இடத்தில் நிறுத்தித் திறப்பார். திறந்தால் முதலில் கண்ணில் படுவது வலது பிராக்கெட். அது முரடாகத் தெரிந்தால் 'யாருங்க செஞ்சது?' என்று கேட்பார்கள், என் பெயர் வரும். எனக்கு அந்தக் காலத்தில் ஒரு கர்வம் இருந்தது. என் கையிலிருந்து போகிற எதுவும் பளபளக்க வேண்டும். மேட்டைத் தரைமட்டமாக இழைத்தேன், பஃப் சக்கரத்தில் பிடித்து மினுக்கினேன், துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். இடது பிராக்கெட் உள்ளே மறைந்துபோகும். அதைப் பார்ப்பவர் யார்? அதை அப்படியே விட்டுவிட்டேன்.

கார் உறுமிக்கொண்டு கிளம்பியது. இரண்டு வாரம் அவினாசி ரோட்டில் ஓட்டி ஓட்டிப் பார்த்தோம். ஊரே திரும்பிப் பார்த்தது. நடராஜண்ணன் பானட்டைத் திறக்கும்போதெல்லாம் வலது பிராக்கெட்டை விரலால் தட்டிக் காட்டுவார். நான் பக்கத்தில் அடக்கமாக நிற்பது போல நிற்பேன்.

பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை காலை பட்டறையில் பூஜை. எலுமிச்சம்பழம், தேங்காய், சூடம் எல்லாம் தயார். லேத் பட்டறை பழனிச்சாமி, டீக்கடைக்காரர், நடராஜண்ணன் ஊர் ஆட்கள் என்று பத்துப் பதினைந்து பேர். ஜமால் பாயையும் வரச் சொல்லியிருந்தேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, வாசல் பக்கம் சிரித்த முகமாக நின்றார்.

காலையிலேயே நான் இன்ஜினைச் சுற்றிக் கெரசின் போட்டுக் கழுவித் துடைத்திருந்தேன். திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து, வலது பிராக்கெட்டின் மேல் மூன்று விரலால் அழகாக மூன்று பட்டை இழுத்தேன். எதற்கு அங்கே? அதுதானே பளபளப்பான இடம்!

பட்டை காய்ந்து வெள்ளையானது. நடுப்பட்டையில் ஒரு கருப்புக் கோடு தெரிந்தது, தலைமுடி விழுந்த மாதிரி. முடி என்றே நினைத்து ஊதினேன். போகவில்லை. துடைத்துவிட்டு மறுபடி பூசினேன். காய்ந்ததும் அதே இடத்தில் அதே கோடு.

"என்னுங்க இது, திருநீறு வெடிக்குது? சகுனம் சரியில்லீங்களா?" என்றார் நடராஜண்ணன். அவர் முகம் சுண்டிப்போயிற்று.

பாய் வாசலிலிருந்து மெல்ல வந்தார். குனிந்து பார்த்தார். "அண்ணா, நல்லாத் தொடச்சுப்போட்டு இன்னொருக்கா பூசுங்க" என்றார். பூசினேன். மூன்றாவது முறையும் கோடு வந்தது.

"சகுனமெல்லாம் இல்லீங்க. இரும்புல கீறல் உளுந்திருக்குது. கழுவுன கெரசின் அந்தக் கீறலுக்குள்ள போயி ஒளிஞ்சிருக்குது. மேல பொடி காஞ்சதும் ஊறி வெளிய வருது. நாங்க ஷெட்டுல சாக்பீஸ் பொடி வெச்சுப் பாப்போம். நீங்க திருநீறு வெச்சுப் பாத்துட்டீங்க."

பக்தியில் செய்தது பரிசோதனையாகிவிட்டது. அந்தப் பிராக்கெட் மலைப்பாதையில் உடைந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்ஜின் ஒரு பக்கம் தூக்கும், தூக்கும்போது ஆக்ஸிலரேட்டர் கேபிளை இழுக்கும். காலை எடுத்தாலும் வண்டி நிற்காது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம்.

"வண்டி நாளைக்குப் போகக் கூடாதுங்க" என்றேன். உடனே சொன்னேன், உரக்கச் சொன்னேன். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் என்னை நீங்கள் பாராட்டலாம்.

நடராஜண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். பிறகு நிமிர்ந்து, "அப்ப... பாய் வெச்ச வெல்டு வெடிச்சுப்போச்சுங்களா?" என்று கேட்டார்.

பத்துப் பதினைந்து முகமும் பாய் பக்கம் திரும்பியது. பாய் அந்தப் பிராக்கெட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கை துடைத்துக்கொண்டிருந்தேன். கையில் ஒன்றும் இல்லை, இருந்தாலும் துடைத்துக்கொண்டே இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

"வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு அவர் மொபெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எல்லோரும் போன பிறகு இடது பிராக்கெட்டைக் கழற்றினேன். கெரசினில் நனைத்து, துடைத்து, திருநீறு பூசிப் பார்த்தேன். ஒரு கோடும் வரவில்லை, பால் போல வெள்ளையாக இருந்தது. ஒரே ஆள், ஒரே நாள், ஒரே வெல்டிங். கல் வைத்தது வெடித்தது, வைக்காதது நின்றது. இனிமேல் எனக்கு நானே பொய் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை.

புதன்கிழமைதான் போத்தனூருக்குப் போகிற துணிச்சல் வந்தது. ஷெட் சுத்தமாக இருந்தது. வேலை நடக்கிற ஷெட் அப்படி இருக்காது, உங்களுக்குத் தெரியும். பம்புக்கு அடித்தளம் செய்யக் கொடுத்திருந்தவர் இரும்பைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். கேட் செய்யச் சொன்னவர் 'அப்பறம் சொல்றனுங்க' என்று சொல்லிவிட்டாராம். நம் ஊரில் 'அப்பறம் சொல்றனுங்க' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும்.

"பாய், அதுல நாந்தான் கல்லு வெச்சேன்" என்றேன்.

"தெரியுமுங்க" என்றார். "கல்லு ஓடுன தடம் எனக்குத் தெரியாதுங்களா?"

"அப்பறம் ஏனுங்க அன்னிக்கே சொல்லல?"

"நாஞ் சொன்னா வெல்டர் சாக்குச் சொல்றான்னுதான் சொல்லுவாங்க. நீங்க சொல்லோணுமுங்க. எங்கிட்ட வந்து சொல்லி என்னுங்க பிரயோசனம்? எனக்குத்தான் தெரியுமே."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். 'ங்க' போட்டுச் சொன்னார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது, மூக்கைச் சிந்துவது போல நடித்துச் சமாளித்தேன்.

சரி, சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். அந்த வாரம் என் மொபெட் ஓடியது போல வேறு எந்த வாரமும் ஓடவில்லை. முதலில் பழனிச்சாமியின் லேத் பட்டறை.

"பழனிச்சாமி, பாய் வெல்டு மேல தப்பில்லீங்க. நாந்தான் மேட்ட இழைச்சு உட்டுட்டேன்."

"அட விடுங்ணா" என்றார் பழனிச்சாமி. "பாவம் பாய், புதுசா ஷெட் போட்டிருக்காப்ல. அவரு பொழைக்கோணும்னு நீங்க பழிய ஏத்துக்கறீங்க. நெம்பப் பெரிய மனசுங்க உங்களுக்கு!"

"இல்லீங்க, நெசமாத்தான் சொல்றேன்."

"தெரியுமுங்க, தெரியுமுங்க. டீ சாப்புடறீங்களா?"

டீக்கடையிலும் இதே கதை. பம்புக்காரரிடமும் இதே கதை. அன்னூருக்குப் போனேன். நடராஜண்ணன் இளநீர் வெட்டிக் கொடுத்து, என் தோளில் கை போட்டு, "உங்க கொணம் யாருக்குங்க வரும்? கூட வேலை செஞ்சவன உட்டுக் குடுக்காத மனசு!" என்று கண் கலங்கினார். நான் மறுக்க மறுக்க என் குணம் வளர்ந்துகொண்டே போனது. வெள்ளிக்கிழமைக்குள் ஊரில் புதுப் பேச்சு கிளம்பிவிட்டது: 'அவரே பழிய ஏத்துக்கற அளவுக்குன்னா, பாய் எவ்வளவு மோசமா வெச்சிருக்கோணும்!'

உண்மையைச் சொல்லப் போய் அந்த மனிதனை இன்னும் ஆழமாகக் குழியில் தள்ளிவிட்டேன். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாராட்டு கொஞ்சம் இனிப்பாகவும் இருந்தது. இரண்டு இடத்தில் "இல்லீங்க" என்று நான் சொன்னது, சொல்ல வேண்டிய அளவுக்குச் சத்தமாக இல்லை. அன்னூரிலிருந்து திரும்பும்போது இது உறைத்தது. வண்டியை ஓரமாக நிறுத்தி என்னை நானே நன்றாகத் திட்டிக்கொண்டேன். புளியமரத்தடியில் நின்றிருந்த ஒருவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

வாயால் சொன்னால் நம்பாத ஊரில் கண்ணால்தான் காட்ட வேண்டும். பாயிடம் போனேன். "அதே மாதிரி ரெண்டு பிராக்கெட் வெல்டு வெச்சுக் குடுங்க" என்றேன். "எதுக்குங்க?" என்றார். "ஒடைக்கறதுக்கு" என்றேன். ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்துவிட்டு வெல்டிங் முகமூடியை மாட்டிக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, முந்தின வாரம் பூஜைக்கு வந்த அத்தனை பேரையும் மறுபடி வரச் சொன்னேன். மறுபடியும் பூஜை என்று நினைத்து ஒருவர் தேங்காயோடு வந்தார். பாயும் வந்தார், அதே வெள்ளைச் சட்டை.

இரண்டு பிராக்கெட்டையும் காட்டினேன். இரண்டும் பாய் வைத்த வெல்டு, பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். பிறகு ஒன்றை எடுத்து எல்லோர் கண் முன்னாலும் கிரைண்டரை வைத்தேன். அன்றைக்கு எப்படி இழைத்தேனோ அப்படியே, மேடு தரையாகும் வரை. பஃப் போட்டு மினுக்கினேன். "அட, எத்தனை அழகா இருக்குது!" என்று தேங்காய்க்காரர் சொன்னார்.

அதை மேசையில் மாட்டியிருந்த வைஸ் பிடியில் இறுக்கி, குழாயில் ஆறடிக் கம்பியைச் செருகி, "நடராஜண்ணா, தொங்குங்க" என்றேன். மனிதர் நல்ல கனம். கம்பியைப் பிடித்து அழுத்தினார், விட்டார், மறுபடி அழுத்தினார். நாலாவது அழுத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். இழைத்த இடத்தில் பிராக்கெட் இரண்டாகப் பிளந்து நடராஜண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார்.

கல் படாத பிராக்கெட்டை மாட்டினேன். நடராஜண்ணன் இப்போது கொஞ்சம் பயந்துகொண்டே அழுத்தினார். பிறகு முழுப் பாரத்தையும் போட்டார். பழனிச்சாமியும் கூடச் சேர்ந்து தொங்கினார். இரண்டு பேர் காலும் தரையில் இல்லை. கம்பி வளைந்தது, வைஸ் மாட்டியிருந்த மேசை கிறீச்சிட்டு நகர்ந்தது. வெல்டு அசையவில்லை. கெரசின் தொட்டுத் துடைத்து, திருநீறு பூசி, காயும் வரை காத்திருந்தோம். ஒரு கோடு இல்லை.

யாரும் இப்போது சிரிக்கவில்லை. பழனிச்சாமிதான் மெதுவாகக் கேட்டார்: "அப்ப கார்ல இருந்த அந்தப் பிராக்கெட்டுல கல்லு வெச்சது ஆருங்க?"

"நாந்தானுங்க. வேண்டாம்னு பாய் சொல்லிப்போட்டுப் போனாரு. அவரு அக்கட்டால போனதும் வெச்சேன். அன்னிக்கு அவரு மேல பழி வந்தப்பவும் இங்கதான் நின்னுட்டிருந்தேன். பேசல. இதத்தான் நாலு நாளா உங்க எல்லார்த்துகிட்டயும் சொல்லீட்டிருக்கறேன்."

ஒருவர்கூட 'அட விடுங்க' என்று சொல்லவில்லை. அந்த நாலு நாளும் என் காது புளிக்கப் புளிக்கக் கேட்ட சொல், அப்போது ஒரு தடவை கேட்டால் தேவலாம் போல இருந்தது. நடராஜண்ணன் வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. பாயிடம் போய், "ஏனுங்க பாய், நாளைக்கு ஷெட்டுல இருப்பீங்களா? நான் வாரேனுங்க" என்றார்.

அவ்வளவுதான். கேட் செய்யச் சொன்னவர் பாயிடம் திரும்பிப் போனார், பம்புக்காரரும் போனார். போத்தனூர் ஷெட்டில் மறுபடி தீப்பொறி பறந்தது. என் பட்டறையில் கொஞ்ச காலம் ஈ பறந்தது. நியாயம்தானே! பிறகு ஒரு நாள் பாயிடமிருந்து ஒரு ஆள் ஒரு காற்றுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாலிஷ் போட வேண்டுமாம். அடுத்து இன்ஜின் மேல் மூடி ஒன்று வந்தது. அப்புறம் பேட்டரி மூடி. நான் போன் செய்து, "என்னுங்க பாய், வெறும் மூடியா அனுப்பறீங்க?" என்றேன்.

"பாரம் தாங்காததெல்லாம் உங்களுக்குங்க. எத்தன வேணும்னாலும் மினுக்குங்க. உங்களாட்ட மினுக்க ஆளே இல்லீங்க" என்றார். பின்னால் ஷெட் ஆட்கள் சிரிப்பது எனக்குக் கேட்டது. பல வருஷம் நான் கோயம்புத்தூரின் மூடி மன்னனாகவே வாழ்ந்தேன்.

மூடிகளுக்கு நடுவே ஒரு நாள், பழைய செய்தித்தாளில் சுற்றி ஒரு பொட்டலம் வந்தது. பிரித்தேன். இன்ஜின் பிராக்கெட். பாய் வைத்த வெல்டு, அதே வரி வரியான மேடு. போன் செய்தேன்.

"பாய், தப்பா அனுப்பிச்சுட்டீங்களா? இது பாரம் தாங்கறதுங்க."

"தெரியுமுங்க. நாலு ஓட்டை போடோணும். கல்லு வெக்காதீங்கன்னு எழுதி வேற குடுக்கோணுங்களா?"

"வேண்டாமுங்க" என்றேன். நான்கு ஓட்டை போடுவதற்கு முன்னால் கிரைண்டரின் வயரைப் பிடுங்கி, சுருட்டி, அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். என்னை நான் அவ்வளவு நம்பவில்லை.

இத்தனையும் எதற்கு எழுதினேன் என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் மேசை மேல் மின்னுகிற அந்தப் பிராக்கெட்டைக் கெரசினில் கழுவித் துடைத்துப் பாருங்கள். திருநீறோ சாக்பீஸ் பொடியோ, எது கிடைக்கிறதோ பூசுங்கள். கோடு வந்தால் தூக்கிப் போடுங்கள். வராவிட்டாலும் தூக்கிப் போடுங்கள். என்னுடையதும் முதல் நாளே வெடிக்கவில்லை, இரண்டு வாரம் ஓடிய பிறகுதான் வெடித்தது. வெல்டு வைத்தவர் யாரோ, அவரைக் கூப்பிட்டு, கல் வைத்தது யார் என்று அவரிடமும் மற்றவர்களிடமும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஒரு வாரம் தள்ளினால் என்ன ஆகும் என்று பார்த்தீர்கள் அல்லவா?

அன்றைக்கு உங்கள் பட்டறையில் நான் மறுபடியும் அதே ஆளாகத்தான் நின்றேன், கை துடைத்துக்கொண்டு. இனி ஒரு தடவை அப்படி நிற்க எனக்கு மனசில்லை.

கண்ணுகளா, அது நல்லா இல்லீங்க. கழட்டுங்க.